இத்தாலியக் கடையில் ஆறு நண்பர்கள், ஒரு மேசை: பங்கிட்டுச் சாப்பிட்டது பிழையா?

இரணைமடுக்காற்று
சனி, இரவு 11.10

கிளிநொச்சியில் ஏ9 வீதியை விட்டு உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில், மாமரத்தடியில், ஆறே ஆறு மேசையோடு ஓர் இத்தாலிய உணவகம் நடக்கிறது. விளம்பரம் என்று யாரும் எண்ணக் கூடாது என்பதால் பெயரை எழுதவில்லை. நடத்துகிற அண்ணை இத்தாலியின் நாப்போலி நகரத்தில் பதினான்கு வருடம் சமையலறையில் நின்றவர். இன்று பின்னேரம் நாங்கள் ஆறு பேர் அங்கே போனோம். வீட்டுக்கு வந்து படுத்தும் நித்திரை வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் உயர்தரம் படித்த காலத்து ரியூட்டரி நண்பர்கள். ஒருவன் சூரிச்சிலிருந்து மூன்று கிழமை விடுமுறையில் வந்திருக்கிறான். ஒருத்தி வவுனியாவில் தாதி. ஒருவன் அக்கராயனில் வயல் செய்கிறான். ஒருவன் லொறி ஓட்டுகிறான். ஒருத்தி பிரதேச செயலகத்தில் வேலை. மற்றது நான். கடைசியாக ஒன்றாக இருந்து சாப்பிட்டது 2008 கார்த்திகையில், தருமபுரத்தில். கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து போயிருந்தோம். நிஷா புயலின் மழை விடாமல் கொட்டியது. ஒரு வெதுப்பகத்தில் வரிசையில் நின்று ஒரு றாத்தல் பாண் வாங்கி, தகரக் கொட்டிலின் தாழ்வாரத்தில் நின்றபடியே பிய்த்துத் தின்றோம். அன்று நாங்கள் ஏழு பேர்.

இன்று மேசையில் வந்தவை: மார்கரீட்டா பீட்சா இரண்டு, இறால் போட்ட ஸ்பகெட்டி ஒன்று, உள்ளியும் செத்தல் மிளகாயும் ஒலிவ எண்ணெயும் மட்டும் சேர்த்த ஸ்பகெட்டி ஒன்று, கடைசியில் திரமிசு என்ற இனிப்பு இரண்டு. எல்லாவற்றையும் மேசையின் நடுவில் வைத்து ஆறு பேரும் பங்கிட்டோம். வேறு விதமாகச் சாப்பிடலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பீட்சா வெட்டாமல் முழுதாக வந்தது. வெட்டித் தரச் சொன்னோம். அண்ணை கத்தியோடு வந்து, "எத்தனை துண்டு?" என்று கேட்டார். பிரதேச செயலகத்துக்காரி யோசிக்காமல் "ஏழு" என்றாள். ஒருவரும் திருத்தவில்லை. வட்டத்தை ஏழாக வெட்டுவது லேசான வேலை இல்லை. அவர் ஒன்றும் கேட்காமல் வெட்டித் தந்தார். ஏழாவது துண்டை லொறிக்காரன் எடுத்துச் சாப்பிட்டான். தருமபுரத்திலும் அவன்தான் பங்குக்கு மேலே கேட்டு வாங்கினவன்.

வெட்டும்போது அண்ணை மெல்லிய குரலில் சொன்னார்: "தம்பி, குறை நினைக்காதீர்கள். அங்கே இதை ஆளுக்கொன்றாகத்தான் சாப்பிடுவார்கள். பங்கிட்டு முடிவதற்குள் ஆறிவிடும்." இறால் ஸ்பகெட்டிக்குச் சீஸ் கேட்டபோதும் கொஞ்சம் தயங்கித்தான் கொண்டுவந்தார். சாப்பிட்டு முடித்து ஒரு மணித்தியாலம் ஆகியும் பில் வரவில்லை. எங்களைக் கவனிக்கவில்லை என்று லொறிக்காரனுக்குக் கோபம் வந்துவிட்டது.

இந்தச் சமையலை அறிந்தவர்கள் சொல்லுங்கள். நாங்கள் செய்தது பிழையா? பிழை என்றால் திருத்திக்கொள்ள விருப்பம். ஆனால் பங்கிடுவதை விடச் சொன்னால் என்னால் முடியுமோ தெரியாது.

பலெர்மோ மல்லாவியான்
ஞாயிறு, அதிகாலை 3.25

தம்பி, இதை வாசித்தபோது வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டேன். நான் மல்லாவி. சிசிலியில் பலெர்மோ நகரத்துக்கு வந்து பத்தொன்பது வருடம். முதலில் கோப்பை கழுவினேன். இப்போது பாஸ்தா அடுப்பில் நிற்கிறேன். இங்கே எங்கள் சனம் நிறைய உண்டு. ஞாயிறுகளில் பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறி சாந்தா ரொசாலியா என்ற புனிதரைக் கும்பிடுகிறவர்களில் சைவப் பிள்ளைகளையும் காணலாம். வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்த கால்கள் அந்த மலையிலும் நடக்கின்றன.

முதலில் பில் விடயம். உங்கள் லொறிக்கார நண்பருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கேட்காமல் பில்லைக் கொண்டுபோய் மேசையில் வைப்பது இத்தாலியில் "எழும்பிப் போங்கள்" என்று சொல்வதற்குச் சமம். மேசையில் இருந்தால் அந்த மேசை உங்களுடையது. சின்னக் குடும்பக் கடைகளைத் திரத்தோரியா என்பார்கள். அங்கே இரவு எட்டரைக்கு வந்த கூட்டம் பதினொன்றரை வரை இருக்கும். நாங்கள் நாற்காலி கவிழ்க்கத் தொடங்குவதும் இல்லை, விளக்கை அணைப்பதும் இல்லை. அந்த அண்ணை உங்களை மறக்கவில்லை. நாப்போலியில் பழகின மரியாதையைத்தான் தந்திருக்கிறார்.

இறாலுக்குச் சீஸ்: மீன், இறால், மட்டி சேர்ந்த பாஸ்தாவுக்குச் சீஸ் போடுவதில்லை என்பது இங்கே பெரும்பாலான வீடுகளின் வழக்கம். முதிர்ந்த சீஸின் உப்பும் மணமும் கடல் மணத்தை மூடிவிடும். பலெர்மோவின் பேர்போன பாஸ்தா ஒன்று சூடை மீனை ஒத்த சின்ன மீனில் செய்வது. காட்டுப் பெருஞ்சீரகத்தின் இலையும் முந்திரிகை (திராட்சை) வற்றலும் பைன் விதையும் அதில் சேரும். மேலே தூவுவது சீஸ் இல்லை, ஒலிவ எண்ணெயில் பொன்னிறமாக வறுத்த பாண் தூள். சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் பிறந்த பழக்கம்; இப்போது பணக்காரக் கடைகளும் அப்படியே செய்கின்றன. முல்லைத்தீவுச் சூடை மீனை நினைத்துக்கொண்டு அதை நான் எத்தனை தரம் கிண்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

பங்கிடுவது பற்றிப் பிறகு எழுதுகிறேன். அது ஒரு வரியில் முடியாது.

முள்ளியவளை ரீச்சர்
ஞாயிறு, காலை 7.40

ஏழு துண்டு என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தித்தான் மேலே வாசித்தேன். உங்கள் ஆறு பேருக்கும் என் அன்பு.

அந்தக் கடைக்கு நானும் என்னோடு படிப்பிக்கும் மூன்று பேரும் போன மாதம் போனோம். பீட்சாவின் நடுவில் கிடந்த பச்சை இலையைத் துளசி என்று நினைத்து ஒரு ரீச்சர் ஒதுக்கி வைத்தார். சாமிக்குச் சாத்துவதைச் சாப்பிட மனம் வரவில்லை. நான் கிள்ளி முகர்ந்து பார்த்தேன். திருநீற்றுப்பச்சை! எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தானாக முளைத்து நிற்பது. சர்பத்தில் போடுகிற கசகசா என்கிறோமே, அது இந்தச் செடியின் விதைதான். நாப்போலியில் வளர்ப்பது இன்னும் பெரிய, மெதுவான இலை கொண்ட இனம். ஆனாலும் ஒரே செடிதான். போனகிழமை ஒரு கட்டு கொண்டுபோய் அந்தக் கடைக்காரத் தம்பியிடம் கொடுத்தேன். அவர் ஓர் இலையை உள்ளங்கையில் வைத்து மற்றக் கையால் ஒரு தட்டுத் தட்டினார், பிறகு முகர்ந்தார். "காணும் அக்கா, இது காணும்" என்றார். கொழும்பிலிருந்து வாடி வந்த இலைக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்.

பரந்தன் சந்தி
ஞாயிறு, காலை 9.15

யாருடைய மனத்தையும் நோகடிக்க எழுதவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஒரு பின்னேரச் சாப்பாட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? எங்கள் பக்கத்தில் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியும். கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை. ஒலிவ எண்ணெய் விளைவதில்லை. கப்பலில் வந்ததைத் தின்பதற்கு ஏன் இவ்வளவு ஆசை? பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு இருக்கிறது. அம்மாச்சி உணவகத்தில் எங்கள் பெண்கள் கண்முன்னே சுட்டுத் தருகிற தோசை இருக்கிறது, இலைக்கஞ்சி இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு கிலோ மாவுக்கு நாங்கள் பட்ட பாடு எனக்கு மறக்கவில்லை. அந்த மாவை இன்று வட்டமாகத் தட்டி ஆயிரக்கணக்கில் விற்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

இரணைமடுக்காற்று
ஞாயிறு, காலை 10.05

ஐயா, நீங்கள் கேட்டது நியாயம். மறைக்க ஒன்றும் இல்லை. மொத்தம் 13,800 ரூபா, ஆளுக்கு 2,300. எனக்கு அது சின்னக் காசு இல்லை. அக்கராயன் நண்பனுக்கு அதைவிடப் பெரிய காசு. சூரிச்காரன் முழுவதையும் தானே கொடுக்கப் போனான். அக்கராயன்காரன் அவன் கையைப் பிடித்துவிட்டான். "நீ கொடுத்தால் நான் விருந்தாளி. நான் கொடுத்தால்தான் உன் நண்பன்" என்றான். பிறகு யாரும் பேசவில்லை, ஆறு பேரும் சமமாகப் போட்டோம்.

நாங்கள் அம்மாச்சிக்கும் போகிறவர்கள்தான். காலையில் வேலைக்குப் போகும் வழியில் அங்கேதான் சாப்பிடுகிறேன். ஆனால் ஐயா, அங்கே நின்று, வாங்கி, சாப்பிட்டு, கை கழுவி, அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். வன்னியில் நாங்கள் வெளியே சாப்பிட்டதெல்லாம் வழியில் சாப்பிட்டதுதான். முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்கும், இறங்கித் தேங்காய் அடித்து, கச்சான் வாங்கி, தேநீர் ஒன்றை ஊதி ஊதிக் குடிப்பதற்குள் சாரதி ஹோர்ன் அடிப்பார். இடம்பெயர்ந்த காலத்தில் சாப்பாடு என்றால் வரிசை. மெனிக் பாம் முகாமில் வரிசை. ஒரு மேசையைச் சுற்றி ஆறு கதிரை போட்டு, எழும்பு என்று சொல்ல ஆளில்லாமல் மூன்று மணித்தியாலம் நாங்கள் இருந்தது இதுதான் முதல் தடவை. நான் 2,300 ரூபா கொடுத்தது பெரும்பங்கு அந்தக் கதிரைக்குத்தான்.

பரந்தன் சந்தி
ஞாயிறு, காலை 10.50

கதிரைக்குக் கொடுத்தேன் என்றீர்களே, அது எனக்கு விளங்குகிறது தம்பி. விலை பற்றி என் எண்ணம் மாறவில்லை. ஆனால் உங்கள் நண்பர் கையைப் பிடித்தது நல்ல காரியம்.

வவுனிக்குளத்தாள்
ஞாயிறு, பகல் 12.30

எனக்கு ஓர் உதவி வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை என் தோழியின் பிறந்தநாள். ஐந்து பேர் அந்தக் கடைக்குப் போக இருக்கிறோம். வெள்ளியில் நான் சுத்த சைவம், முட்டையும் இல்லை. மெனுவில் "சைவம்" என்று போட்டிருப்பதை நம்பிச் சாப்பிடலாமா? பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஓர் இடத்தில் காளான் பாஸ்தாவுக்குக் கோழி அவித்த தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். பாதி சாப்பிட்ட பிறகுதான் சொன்னார்கள். அன்று அழுதுவிட்டேன்.

பலெர்மோ மல்லாவியான்
ஞாயிறு, பகல் 2.10

தங்கச்சி, கேட்டது நல்லது. இதில் பலர் கவனிக்காத ஒன்று சீஸ்.

பால் திரைவதற்கு உறை வேண்டும். பார்மிஜானோ என்கிற பெரிய சில்லுச் சீஸுக்குப் பால், உப்பு, உறை, இந்த மூன்றைத் தவிர வேறொன்றும் சேர்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்த உறை பால்குடிக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. ஒரு சில்லு ஏறத்தாழ 40 கிலோ வரும், குறைந்தது 12 மாதம் முதிர வைப்பார்கள். ருசியில் அதற்கு நிகரில்லை. ஆனால் சுத்த சைவத்துக்கு அது ஆகாது. பெக்கொரீனோ என்கிற செம்மறிப்பால் சீஸும் வழக்கமாக அப்படித்தான். இத்தாலியில் இறைச்சி இல்லாவிட்டால் சைவம் என்று எழுதிவிடுவார்கள். உறையைப் பற்றி யோசிப்பவர் குறைவு. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்க வேண்டியது மரினாரா பீட்சா. பெயரில் கடல் இருக்கிறதே தவிர, அதில் மீனும் இல்லை, சீஸும் இல்லை. தக்காளி, உள்ளி, ஓரிகானோ, ஒலிவ எண்ணெய், அவ்வளவுதான். நாப்போலியின் பழைய பீட்சாக்களில் அதுவும் ஒன்று. பாஸ்தா வேண்டும் என்றால் கடையில் பெட்டியில் வருகிற உலர்ந்த பாஸ்தாவைச் சொல்லுங்கள். அது வழக்கமாகக் கடினக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும். கையால் பிசைந்து செய்கிற புதுப் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். உள்ளியும் செத்தல் மிளகாயும் போட்ட ஸ்பகெட்டி உங்களுக்காகவே பிறந்த சாப்பாடு. சீஸ் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், அதற்குச் சீஸ் முக்கியமும் இல்லை. திரமிசுவைத் தொட வேண்டாம், அதில் பச்சை முட்டை அடித்துச் சேர்ப்பார்கள்.

சமையல்காரரிடம் நேரே போய்க் கேளுங்கள். சமையலறையில் நிற்கிறவனுக்கு அது தொந்தரவு இல்லை. தட்டுத் திரும்பி வருவதுதான் எங்களுக்கு வலி.

இனிப் பங்கிடுகிற விடயம். நாப்போலி பீட்சாவின் போறணை 430 பாகை செல்சியஸுக்கு மேலே கொதிக்கும். பீட்சா உள்ளே இருப்பது 60 முதல் 90 வினாடி. விளிம்பு பொங்கி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, நடு மெத்தென்று ஈரமாக வெளியே வரும். அந்த ஈரம் நிற்பது சில நிமிடம்தான். பிறகு தோல் மாதிரி இழுபடும். அதனால்தான் ஆளுக்கொன்று என்றார். நாப்போலியின் பீட்சாக் கலையை 2017 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊரில் கை பழகியவருக்கு ஆறின பீட்சாவை யாராவது சாப்பிடுவதைப் பார்க்க நெஞ்சு பொறுக்காது. சூட்டுக்காகச் சொன்னதை உங்கள் பழக்கத்தைக் குறை சொன்னதாக எடுக்க வேண்டாம்.

இத்தாலியர் பங்கிடாத சனமும் இல்லை. ஞாயிறு மத்தியானம் ஒரு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெரிய தட்டு நடுவில் வரும், பாட்டி எழும்பி நின்று ஒவ்வொருவருக்கும் போடுவார், வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி விழும். நண்பர்கள் கடைக்குப் போனால் பில்லைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பார்கள். ரோமன் முறையில் கொடுப்பது என்று அதற்குப் பெயர். யார் எதைத் தின்றார் என்று எண்ணுவதில்லை. உங்கள் ஆறு பேரும் தெரியாமலே ரோமன் முறையில்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

வழி ஒன்று சொல்கிறேன். இரண்டு பீட்சாவை ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். ஒன்று வரட்டும், சுடச்சுட ஆறாக வெட்டிக் கையால் மடித்து உடனே சாப்பிடுங்கள். அது முடிந்ததும் அடுத்தது போறணைக்குள் போகட்டும். நாப்போலித் தெருவில் பீட்சாவை நான்காக மடித்துக் கையில் பிடித்து நடந்துகொண்டே தின்பார்கள். கையால் சாப்பிடப் பழகின எங்களுக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

முள்ளியவளை ரீச்சர்
ஞாயிறு, பின்னேரம் 4.00

போறணை என்ற சொல்லைப் பலெர்மோத் தம்பி எழுதியதைப் பார்த்து எனக்குள் ஒன்று துள்ளியது. பாண் சுடும் அடுப்புக்கு நாங்கள் சொல்லும் போறணை, போர்த்துக்கேயரின் "போர்னோ" என்ற சொல்லிலிருந்து வந்தது. இத்தாலியிலும் அடுப்புக்கு அதே சொல். இரண்டும் இலத்தீன் தாயின் பிள்ளைகள். பாணும் அவர்கள் தந்ததே, இத்தாலியில் "பானே". நீங்கள் இருந்த கதிரை, சாப்பிட்ட மேசை இரண்டும் போர்த்துக்கேயச் சொற்கள். பரந்தன் ஐயா கப்பலில் வந்தது என்று வருந்துகிறார். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவை, எங்களுக்கும் இத்தாலிக்கும். இன்று செத்தல் மிளகாய் இல்லாத சம்பலை யார் சாப்பிடுவார்?

வெதுப்பகம், குளிர்களி என்று அழகான தமிழ்ப் பெயர்களைப் பலகையில் எழுதி வைத்த ஊர் எங்களுடையது. அந்தத் தம்பியின் மெனுவிலும் ஒவ்வொரு பெயருக்கும் கீழே அது என்ன என்று ஒரு வரி தமிழில் இருந்தால், வயதானவர்களும் கூச்சமில்லாமல் கேட்டுச் சாப்பிடுவார்கள். எழுதிக் கொடுக்க நான் ஆயத்தம்.

பட்டிக்காரன்
ஞாயிறு, இரவு 8.45

நான் நெடுங்கேணிப் பக்கம். எங்கள் பட்டியில் நாற்பது எருமை நிற்கிறது. இங்கே எழுதிப் பழக்கமில்லை, வாசிக்க மட்டும்தான் வருவேன். இந்த இழையை என் மகள் காட்டினாள். நாப்போலியில் சீஸை எருமைப்பாலில் செய்வார்கள் என்று அவள் சொல்கிறாள். உண்மையா? உண்மை என்றால் அந்தக் கடைக்காரர் சீஸுக்கு ஏன் கொழும்புக்குப் போகிறார்? மேய்ச்சல் தரை சுருங்கிச் சுருங்கி நாங்கள் மாட்டை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நிற்கிறோம். பாலைத் தயிராக்கிச் சட்டியில் விற்றுத்தான் பிழைப்பு. மழைக்காலத்தில் பால் கூட, வாங்க ஆள் குறைவு.

பலெர்மோ மல்லாவியான்
திங்கள், அதிகாலை 2.50

அண்ணை, மகள் சொன்னது முழு உண்மை. நாப்போலி இருக்கும் கம்பானியா மாநிலத்தில் மொத்சரெல்லா என்ற பீட்சாச் சீஸின் உச்சம் எருமைப்பாலில் செய்வது. பசுப்பாலில் 4 வீதம் கொழுப்பு என்றால் எருமைப்பாலில் 7, 8 வீதம் வரும். அதனால்தான் உங்கள் தயிர்ச் சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாமல் நிற்கிறது. அதே கொழுப்புத்தான் அந்தச் சீஸின் மெதுமையும்.

செய்முறை இதுதான். பாலை இளஞ்சூடாக்கிப் புளிப்பூட்டி உறை சேர்ப்பார்கள். திரைந்த கட்டியைச் சிறிதாக வெட்டி, ஊறும் தண்ணீரிலேயே சில மணித்தியாலம் புளிக்க விடுவார்கள். அங்கேதான் சூட்சுமம். கட்டியில் ஒரு துண்டை எடுத்துக் கொதிக்கிற அளவுச் சூடான தண்ணீரில் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். புளிப்புப் போதாவிட்டால் அறுந்து உதிரும். பதம் வந்தால் பட்டுநூல் மாதிரி நீளும். நீண்டதை மடித்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிதுக்கிக் கிள்ளி எடுத்தால் உருண்டை. கிள்ளுவதற்கு அங்கே "மொத்சாரே" என்பார்கள். பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

இரணைமடுத் தம்பி, இந்த அண்ணையையும் கடைக்காரரையும் சந்திக்க வையுங்கள். உறைக்குக் கன்றின் இரைப்பை வேண்டியதில்லை. நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் உறை விற்பனைக்கு உண்டு. அதில் செய்தால் வவுனிக்குளம் தங்கச்சியும் சாப்பிடலாம்.

இரணைமடுக்காற்று
பத்து நாள் கழித்து, புதன், இரவு 9.30

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

கடைக்காரரிடம் பட்டிக்காரன் அண்ணையின் எழுத்தை வாசித்துக் காட்டினேன். அவர் கையில் மா ஒட்டியிருந்தது. துடைக்காமலே என் தொலைபேசியை வாங்கி மறுபடி வாசித்தார். "ஊருக்கு வந்த நாளிலிருந்து எருமைப்பாலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். சுத்தமாகக் கறந்து, அன்றைக்கே கொண்டுவந்து தர ஆள் கிடைக்கவில்லை" என்றார். உறை கொழும்பிலிருந்து வர நான்கு நாள் ஆனது. ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு அண்ணையும் மகளும் பத்து லீற்றர் பாலோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அக்கராயன்காரனும் நானும் போனோம். சூரிச்காரன் அடுத்த நாள் விமானம் ஏற வேண்டியவன், அவனும் வந்துவிட்டான்.

பத்து மணிக்கு முதல் துண்டைச் சுடுதண்ணீரில் போட்டு இழுத்தார். உதிர்ந்தது. பட்டிக்காரன் அண்ணையின் முகம் வாடிவிட்டது. பாலில் குறை என்று நினைத்திருக்கிறார். "பாலில் ஒன்றும் இல்லை அண்ணை, இன்னும் புளிக்கவில்லை" என்று கடைக்காரர் மூடி வைத்தார். மாமரத்தடியில் கதிரை போட்டு இருந்தோம். பட்டிக்காரன் அண்ணை பட்டியின் கதையைச் சொன்னார். இடம்பெயர்ந்தபோது அவிழ்த்து விட்டுப் போன எருமைகளில் மூன்று, திரும்பி வந்தபோது பழைய பட்டியடியில் நின்றனவாம். அந்த மூன்றின் வழியில் வந்தவைதான் இன்றைய நாற்பதில் பாதி.

பன்னிரண்டரைக்கு மறுபடி இழுத்தார். நீண்டது. ஒரு முழத்துக்கு மேலே, வெள்ளையாக, பளபளத்துக்கொண்டு. அவருடைய விரல் நுனிகள் சூட்டில் சிவந்து போயிருந்தன, ஆனால் நிறுத்தவில்லை. மடித்து, இழுத்து, மடித்து, கிள்ளிக் கிள்ளி உப்புத் தண்ணீரில் போட்டார். பத்து லீற்றரிலிருந்து இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே வந்தது. முதல் உருண்டையைப் பட்டிக்காரன் அண்ணையின் மகளிடம் கொடுத்தார். அவள் கடித்ததும் பால் வழிந்து முழங்கை வரை ஓடியது.

கிழமைக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் பதினைந்து லீற்றர் என்று இருவரும் பேசி முடித்திருக்கிறார்கள். விலை அவர்களுக்குள்ளே. ரீச்சர் எழுதிக் கொடுத்த தமிழ் வரிகள் மெனுவில் ஏறிவிட்டன; உள்ளி ஸ்பகெட்டிக்குக் கீழே "காரம் உண்டு, சீஸ் இல்லை" என்று இருக்கிறது.

அந்த ஞாயிறு கடை திறக்க முன்னமே போறணையை மூட்டி எங்களுக்காக ஒரு பீட்சா போட்டார். ஒன்று மட்டும். வெளியே வந்ததும் கத்தியை எடுத்து, எங்களிடம் கேட்காமல், தனக்கும் பட்டிக்காரன் அண்ணைக்கும் மகளுக்கும் எங்கள் மூவருக்குமாக ஆறாக வெட்டினார். மடித்துப் பிடித்தோம். சூட்டில் அக்கராயன்காரன் கையை மாற்றி மாற்றி ஊதினான்.

வவுனிக்குளத்தாள்
புதன், இரவு 10.15

பிறந்தநாளுக்கு மரினாராவும் உள்ளி ஸ்பகெட்டியும் சாப்பிட்டேன். கடைக்கார அண்ணை சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்த் தனிச் சட்டியைக் காட்டினார். பலெர்மோ அண்ணாவுக்கு நன்றி. இந்த வெள்ளி மறுபடி போகிறோம். எருமைப்பால் சீஸ் போட்டு ஒரு மார்கரீட்டா, அது முடிந்த பிறகு இன்னொன்று என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பரந்தன் சந்தி
புதன், இரவு 10.40

வெள்ளி எத்தனை மணிக்கு, தங்கச்சி? பட்டிக்காரரின் பால் என்றால் நானும் ஒரு துண்டு பார்க்க வேண்டும். என் மனைவியையும் கூட்டி வருகிறேன், பக்கத்து மேசை போதும்.